எக்பெர்ட் முதல் முதலாம் எட்வர்ட் வரை: ஒரு வம்சாவளிச் சுருள் செய்த பதிவு

முதலாம் எட்வர்ட் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் (1272–1307), அந்நாட்டு அரசர்களின் வம்சாவளியை ஒரே நீளமான தோல்சுருளில் வரைந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் பல மீட்டர் நீளமும் கொண்ட அந்தச் சுருள்களின் தலைப்பில் பெரியதொரு வட்டம் இருக்கும். கென்ட், சசெக்ஸ், வெசெக்ஸ், எசெக்ஸ், கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா, நார்தம்பிரியா என்னும் ஏழு பழைய அரசுகளின் பெயர்களும் குறிப்புகளும் அதில் அடங்கும். அதற்குக் கீழே, 9ஆம் நூற்றாண்டு வெசெக்ஸ் அரசர்களான எக்பெர்ட் அல்லது ஆல்ஃபிரட் தொடங்கி ஒவ்வோர் அரசருக்கும் ஒரு வட்டம், அவர் பிள்ளைகளுக்குச் சிறு வட்டங்கள், வட்டங்களை இணைக்கும் வண்ணக் கோடுகள், இடைவெளிகளில் ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சு மொழியில் சுருக்கமான ஆட்சிக் குறிப்புகள் என்று அது இறங்கிக்கொண்டே போகும். இன்றைக்கு எஞ்சியிருப்பவற்றுள் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ராயல் 14 பி 6’ என்ற எண்ணில் இருக்கும் சுருள் நன்கு அறியப்பட்டது. அதன் அமைப்பை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, எக்பெர்ட் முதல் முதலாம் எட்வர்ட் வரையிலான ஒரு சுருளை நானே செய்து பார்த்ததன் பதிவு இது. முன்மாதிரியை அச்சு அசலாகப் படியெடுப்பது என் நோக்கமன்று. வரைபவர் முன்னால் என்னென்ன சிக்கல்கள் வந்து நிற்கும் என்பதைக் கையால் செய்து அறிந்துகொள்வதே நோக்கம். ஆகவே எழுத்தைத் தமிழிலேயே வைத்துக்கொண்டேன்.

இந்த வடிவத்தை அரசவை எழுத்தர்கள் கண்டுபிடிக்கவில்லை. பாரிஸ் நோத்ர-தாம் பேராலயத்தின் சான்சலராக இருந்து 1205இல் இறந்த புவாத்தியேவின் பியர் என்ற ஆசிரியர், ஆதாம் முதல் கிறிஸ்து வரையிலான விவிலிய வம்சாவளியை வட்டங்களும் கோடுகளுமாக அமைத்து ஒரு பாடச் சுருக்கம் செய்தார். ஏழை மாணவர்களுக்காக அவர் இத்தகைய ‘வரலாற்று மரங்களை’த் தோலில் வரையச் செய்தார் என்று பின்னாளைய நாளாகமம் ஒன்று கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் அதே முறையை இங்கிலாந்து அரசர்களுக்குக் கையாண்டார். கிறிஸ்துவின் வம்சத்தைக் கற்பிக்க உருவான படம் அரசர்களின் வம்சத்துக்கு வந்தபோது, இடையறாத ஒற்றைக் கோடு என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிட்டது. என் வேலையில் பெரும்பகுதி இந்த எதிர்பார்ப்போடு மல்லுக்கட்டுவதாகவே அமைந்தது.

முதலில் தோலா தாளா என்பதைத் தீர்க்க வேண்டியிருந்தது. பார்ச்மென்ட் என்பது பதனிடாத தோல். ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, விறைப்பாக இருக்கும் நிலையிலேயே சுரண்டி மெலிதாக்கி உலர்த்துவார்கள். நம் ஊரில் தாளக் கருவிகளுக்காக விற்கும் ஆட்டுத் தோலும் ஏறத்தாழ இதே வகைதான் என்றாலும், எழுதுவதற்குத் தேவையான அளவுக்கு அது மெலிதாக்கப்பட்டிருக்காது. அங்கங்கே கொழுப்புப் பசை தங்கியிருப்பதால் மை ஒட்டாமல் துளித்துளியாகத் திரண்டு நிற்கிறது. ஒரு துண்டை வாங்கி, மாக்கல் பொடி தூவித் தேய்த்து, சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். சுருளுக்குப் பருத்திக் கூழில் செய்த கனமான கைத்தாளைத் தேர்ந்தெடுத்தேன். 76 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமுமாக ஐந்து துண்டுகள். அவற்றை ஒட்டினால் ஒட்டுப் போக 3.7 மீட்டர் கிடைக்கும். பருத்தித் தாள் மையை உறிஞ்சிப் பரவவிடும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஜெலட்டினை ஒரு கை பூசி உலர்த்தினேன். ஒரு சொட்டு நீர் விட்டால் அது உள்ளே இறங்காமல் சற்று நேரம் குமிழாக நிற்க வேண்டும், அதுதான் பக்குவம்.

இங்கிலாந்தில் சுருள் கட்டுவதற்கு இரண்டு முறைகள் இருந்தன. கருவூலக் கணக்குகளில் தோல்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலைப்பக்கத்தை மட்டும் தைத்துவிடுவார்கள். அரசரின் ஆணைகளை எழுதிப் பதிந்துவைக்கும் சான்சரி அலுவலகத்தில் ஒன்றன் அடியோடு அடுத்ததன் தலையை இணைத்து நீளமாக்குவார்கள். வம்சாவளிக்கு இரண்டாவது முறையே பொருந்தும். கோடு அறுபடாமல் ஓட வேண்டுமே. ஒட்டும்போது மேல்துண்டின் அடி ஓரம் கீழ்த்துண்டின் மீது படியுமாறு வைத்தேன். அப்படிச் செய்தால் மேலிருந்து கீழே வரும் பேனா படியிறங்குவதுபோல் இறங்கிவிடும். மாற்றி வைத்தால் முனை ஓரத்தில் முட்டி மை தெறிக்கும். ஒட்டு அகலம் ஒன்றரை சென்டிமீட்டர்.

பசையைப் பற்றி ஒரு சொல். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது நம் பைண்டிங் கடைகளில் வழக்கம். இங்கே அது கூடாது. மயில்துத்தம் செம்பு உப்பு. நான் எழுதப்போகும் மையோ இரும்பு உப்பு கொண்டது. இரும்போடு செம்பும் சேர்ந்தால் தாளின் நார் இற்றுப்போவது விரைவுபடும். ஆகவே வெறும் கோதுமை மாவுப் பசையை நன்றாகக் காய்ச்சி, வடிகட்டி, மெலிதாகப் பூசினேன். பூச்சித் தொல்லைக்குப் பெட்டிக்குள் வசம்பு போட்டுவைப்பது போதும்.

இனி மை. இடைக்கால ஐரோப்பாவின் எழுத்து மை பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது. மூன்றுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. குழந்தைகளுக்கு உரை மருந்தில் இழைத்துக் கொடுக்கும் மாசிக்காய், மேற்காசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரத்தில் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் கட்டி. அலெப்போ வழியாக ஐரோப்பாவுக்குப் போய், மைக்கு மிக உயர்ந்தது என்று பெயர் வாங்கிய சரக்கும் இதுதான். இரண்டாவது அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்டு. மூன்றாவது கருவேலம்பிசின். கடையில் கேட்கும்போது அன்னபேதிச் செந்தூரம் வேண்டாம், பச்சை அன்னபேதிதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். செந்தூரம் புடம் போட்ட மருந்து, அது மைக்கு ஆகாது. கட்டியின் மேல் மஞ்சள் பொடி படிந்திருந்தால் காற்றுப் பட்டுப் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். இளம்பச்சையாகக் கண்ணாடிபோல் இருப்பதைப் பொறுக்கி வாங்கினேன்.

60 கிராம் மாசிக்காயை அம்மியில் தட்டி, அரை லிட்டருக்குச் சற்று மேலான மழைநீரில் மண்பாண்டத்தில் ஊறப்போட்டேன். மேலே மெல்லிய பூஞ்சணம் படரும்வரை விடுவது நல்லது. அந்தப் பூஞ்சணம்தான் துவர்ப்புச் சத்தை உடைத்து, மைக்கு வேண்டிய காலிக் அமிலமாக மாற்றுகிறது. பிறகு பழைய வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டி, 20 கிராம் அன்னபேதியைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றினேன். தேநீர் நிறத்தில் இருந்த சாறு ஊற்றிய இடத்திலேயே கருநீலமாகத் திரும்பியது. பழைய செய்முறைகள் பலவற்றில் அன்னபேதியின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கிறது. மிகுதியாகும் இரும்பு பிற்காலத்தில் தாளை அரிக்கும் என்பதால் நான் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியாகப் பொடித்த பிசின். பிசின் இல்லாவிட்டால் மை பேனாவில் நிற்காமல் ஒழுகிவிடும்; கூடிவிட்டால் உலர்ந்தபின் பளபளத்துப் பொருக்குத் தட்டும்.

இந்த மையில் எழுதுவது கொஞ்சம் நம்பிக்கை வேண்டிய காரியம். முனையிலிருந்து இறங்கும்போது கோடு வெளிறிய சாம்பல் நிறத்தில், கண்ணுக்குப் படுவதும் படாததுமாக இருக்கிறது. தாளில் படிந்தபின் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கத் தொடங்கி, மறுநாள் பார்க்கையில் முழுக் கறுப்பாகி நார்க்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தண்ணீரால் அழியாது. தோலில் எழுதியிருந்தால் கத்தியால் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதன்மேல் வேறொன்றை எழுதலாம். சோதனைத் துண்டில் சுரண்டிப் பார்த்தேன். எழுத்து போய்விட்டது, ஆனால் அந்த இடம் சற்றுச் சொரசொரப்பாகி, பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியே தெரிகிறது. தாளில் அந்த வசதி இல்லை. தோல்சுருள்களின் அரசியல் வாழ்க்கையே இந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், கேன்டர்பரி பல்கலைக்கழகத்திடம் 1918 முதல் இருந்துவரும் 15ஆம் நூற்றாண்டுச் சுருள் நோவாவில் தொடங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். லங்காஸ்டர் குலத்தின் அரியணை உரிமையைக் காட்டுவதற்காக வரையப்பட்ட அதில், அவர்களோடு போட்டியிட்ட யார்க் தரப்பினர் பின்னர் தங்கள் உரிமை விளங்கும்படி கைவைத்திருக்கிறார்கள். சுருளை எரிக்கவில்லை, புதிதாகவும் எழுதவில்லை. இருந்ததையே திருத்தித் தமக்காக்கிக்கொண்டார்கள்.

வண்ணங்களில் நான் பழைமைக்குப் போகவில்லை. அக்காலச் சிவப்பு பாதரசம் கலந்த சாதிலிங்கம் அல்லது ஈயச் செந்தூரம். பச்சை பெரும்பாலும் செம்புக் களிம்பு. முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவது தாளைத் தின்னும். அவுரி நீலத்தோடு கடையில் விற்கும் மஞ்சள் நீர்வண்ணத்தைக் கலந்து பச்சையும், காவியிலிருந்து செம்மையும் எடுத்துக்கொண்டேன். பொன் வேலை இல்லை.

சுருளின் அகலத்தை முடிவுசெய்துவிட்டால் மற்ற அளவுகள் எல்லாவற்றையும் ஒரே ஒரு வரிசை முடிவுசெய்கிறது. இரண்டாம் ஹென்றிக்கும் அக்கிட்டேனின் எலினோருக்கும் பிறந்தவர்கள் எட்டுப் பேர்: வில்லியம், ஹென்றி, மட்டில்டா, ரிச்சர்ட், ஜெஃப்ரி, எலினோர், ஜோன், ஜான். எட்டு வட்டங்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்றால், 25 செ.மீ. அகலத்தில் இரு ஓரங்களையும் இடைவெளிகளையும் கழித்தபின் ஒவ்வொரு வட்டத்துக்கும் 2.6 செ.மீ. விட்டம்தான் மிஞ்சுகிறது. கீழே மூன்றாவது மீட்டரில் வரப்போகும் இந்த வரிசைக்காக, உச்சியில் இருக்கும் எக்பெர்டின் மகன் ஏதெல்வுல்ஃபின் பிள்ளைகளையும் அதே 2.6 செ.மீ. வட்டத்தில் அடைக்க வேண்டியதாயிற்று. முதலாம் எட்வர்டின் பிள்ளைகளோ ஒரு வரிசைக்குள் அடங்கவே மாட்டார்கள். காஸ்டிலின் எலினோர் பெற்றவர்களே 14 பேருக்குக் குறையாது, பிரான்சின் மார்கரெட் பெற்றவர்கள் மூவர். ஆகவே அங்கே வரிசைகளை மடித்துப் போட்டேன். சுருளைக் கீழிருந்து மேலாகத் திட்டமிட்டு, மேலிருந்து கீழாக வரைய வேண்டும். முதல் வட்டத்துக்குக் கவராயத்தை ஊன்றும் முன்பே கடைசிப் பிள்ளையின் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

அரசருக்கான வட்டம் 6 செ.மீ. விட்டம். ஓர் அரசருக்கும் அடுத்தவருக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்குச் சம தூரம் ஒதுக்கினேன். இங்கேதான் முதல் உண்மையான சிக்கல் முளைத்தது. சுருளின் நீளம் எதை அளக்கிறது? ஆண்டுகளையா, ஆட்சிகளையா, தலைமுறைகளையா? மூத்த எட்வர்டுக்குப் பின் அவர் மக்கள் ஏதெல்ஸ்டன், எட்மண்ட், ஈட்ரெட் என்ற மூவரும் அடுத்தடுத்து ஆண்டார்கள் (924–955). தலைமுறையில் ஒரு படியாக இருப்பது ஆட்சியில் மூன்று படிகள். பழைய சுருள்களில் நார்மண்டிப் பிரபுக்களின் வரிசையை ரோலோவிலிருந்து தொடங்கி ஓரத்தில் தனியே இறக்கி, 1066இல் இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுண்டு. நானும் அதைச் செய்ய விரும்பினேன். ரோலோ, நீள்வாள் வில்லியம், முதலாம் ரிச்சர்ட், இரண்டாம் ரிச்சர்ட், ராபர்ட், வெற்றியாளர் வில்லியம் என்று ஆறு தலைமுறை. இங்கிலாந்துப் பக்கத்தில் மூத்த எட்வர்டிலிருந்து எட்மண்ட், எட்கர், இரண்டாம் ஏதெல்ரெட், எட்மண்ட் அயர்ன்சைடு, நாடுகடத்தப்பட்ட எட்வர்ட் என்று எண்ணினால் அங்கும் ஆறே தலைமுறை. இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் ஆட்சிகளை எண்ணினால், மூத்த எட்வர்டுக்கும் வில்லியத்துக்கும் இடையே பத்துக்கு மேற்பட்ட முடிசூடிகள் வந்து நிற்கிறார்கள். ஆகவே நார்மன் ஓரத்தில் வட்டங்கள் அரிதாகவும் கோடுகள் மிக நீளமாகவும், நடுவில் வட்டங்கள் நெருக்கமாகவும் அமைந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு நார்மண்டிக்காரர்கள் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள்போலத் தோன்றும். அளவுகோலை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. நடு அச்சு அரசர்களுக்கு என்று வகுத்துவிட்ட பிறகு மற்றவர்கள் அதற்கேற்ப நீண்டும் குறுகியும் கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் ஏதெல்ரெட்டின் இடத்தில் நார்மன் ஓரத்திலிருந்து ஒரு கோடு உள்ளே வருகிறது. அது எம்மாவின் கோடு. அவர் முதலாம் ரிச்சர்டின் மகள். முதலில் ஏதெல்ரெட்டுக்கும், அவர் இறந்தபின் வென்று ஆண்ட டேனிய அரசர் கனூட்டுக்கும் மனைவியானவர். இரு கணவர்களுக்கும் அவர் பெற்ற மக்கள், முறையே கன்ஃபெஸர் எட்வர்டும் ஹார்தகனூட்டும், இருவருமே அரசரானார்கள். ஒரு சிறு வட்டத்திலிருந்து இரண்டு அரச வட்டங்களுக்குக் கோடு போவது இந்தச் சுருளில் அங்கே மட்டும்தான். கனூட்டை நடு அச்சிலேயே வைத்தேன், ஆனால் மேலிருந்து அவருக்கு எந்தக் கோடும் இல்லை. மேற்கோடு இல்லாத ஓர் அரச வட்டம் வெற்றிடத்தில் மிதப்பதைப் பார்க்கும்போது, வாளால் வந்தவர் என்று எழுதிக் காட்டவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. 1066இல் முடிசூடி, அவ்வாண்டே வில்லியத்திடம் தோற்ற ஹாரல்டுக்கும், வாளால் வராவிட்டாலும், மேற்கோடு இல்லை.

என்னை மிகுதியாக நேரம் செலவழிக்க வைத்தது அயர்ன்சைடின் கோடு. 1016இல் சில மாதங்களே ஆண்டு மறைந்த எட்மண்ட் அயர்ன்சைடின் மகன் எட்வர்ட் ஹங்கேரியில் வளர்ந்து, 1057இல் இங்கிலாந்து திரும்பிய கையோடு இறந்தார். அவர் மகள் மார்கரெட் ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் மால்கமை மணந்தார். அவர்களுடைய மகள் மட்டில்டாவை 1100இல் முதலாம் ஹென்றி மணந்தார். பழைய வெசெக்ஸ் குலத்தின் இரத்தம் நார்மன் அரியணைக்கு வந்து சேர்ந்த வழி இது. சுருளில் இதன் பொருள் என்னவென்றால், நடு அச்சில் கனூட், அவர் மக்கள், கன்ஃபெஸர் எட்வர்ட், ஹாரல்டு, முதலாம் வில்லியம், வில்லியம் ரூஃபஸ் என்று அரசர்கள் இறங்கிக்கொண்டிருக்கையில், வலது ஓரத்தில் மூன்றே மூன்று சிறு வட்டங்களைக் கோத்துக்கொண்டு ஒரு பச்சைக் கோடு தனியே நடந்துவந்து ஹென்றியின் பக்கத்தில் சேர வேண்டும். என் அளவில் அது 84 செ.மீ. தூரம்.

கன்ஃபெஸர் எட்வர்ட் 1066 ஜனவரியில் சாகும் தறுவாயில் கண்ட கனவு ஒன்று பழைய வரலாறுகளில் சொல்லப்படுகிறது. பச்சை மரம் ஒன்று நடுவில் வெட்டுண்டு, வெட்டிய பகுதி மூன்று பர்லாங் தள்ளிப் போய்விடும். யார் கையும் படாமல் அது மீண்டும் தன் அடிமரத்தோடு ஒட்டித் தளிர்த்துக் காய்க்கும் நாளில்தான் நாட்டின் துன்பம் தீரும். நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்வதாகவே முதலில் அதைக் கொண்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ரீவோ மடத்துத் தலைவராக இருந்த ஏல்ரெட் அதற்கு வேறு பொருள் கண்டார். தள்ளிப்போன மூன்று பர்லாங் என்பது ஹாரல்டு, வில்லியம், ரூஃபஸ் என்ற மூன்று அரசர்கள். மரம் ஒட்டியது ஹென்றி–மட்டில்டா திருமணத்தில். கனி இரண்டாம் ஹென்றி. இதே ஏல்ரெட் இரண்டாம் ஹென்றி பட்டத்துக்கு வரும் தறுவாயில் அவருக்காக இங்கிலாந்து அரசர்களின் வம்சாவளி நூல் ஒன்றையும் எழுதியவர். இந்த விளக்கத்தைப் படித்தபோது அரசவைக்கு இதமான பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. ஓரக் கோட்டை வரைந்துகொண்டு வரும்போது, மூன்று பெரிய வட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடாமல் கடந்துபோகையில், அவர் எதைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்பது கைக்குத் தெரிந்தது. இந்த உறவைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. சுருளை இரு கைகளாலும் பிடித்து மேலே சுருட்டிக்கொண்டும் கீழே விரித்துக்கொண்டும் படிக்கும்போது, ஒரே நேரத்தில் கண்ணில் படுவது அரை மீட்டர்தான். ஹென்றியின் வட்டம் வெளியே வரும்போது அயர்ன்சைடின் வட்டம் எப்போதோ மேல்சுருளுக்குள் போயிருக்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு பச்சைக் கோடு ஓரத்தில் வந்துகொண்டே இருக்கிறது என்பது மட்டுமே படிப்பவருக்குத் தெரியும். இதற்காக அந்தக் கோட்டை மற்றவற்றைவிடச் சற்று அகலமாக, 4 மி.மீ. வைத்தேன், கணினித் திரையில் முழுச் சுருளையும் ஒரே படமாகச் சுருக்கிப் பார்க்கும்போது இந்தத் தேவையை உணரவே முடியாது. சுருள்களைப் பற்றி நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அப்படிச் சுருக்கப்பட்டவை என்பது ஒரு குறைதான்.

அடுத்த முடிச்சு 1135. முதலாம் ஹென்றியின் மகன் வில்லியம் 1120இல் ‘வெள்ளைக் கப்பல்’ கவிழ்ந்து இறந்துவிட்டார். எஞ்சிய வாரிசு மகள் மட்டில்டா. அரியணையில் ஏறியதோ ஹென்றியின் சகோதரி அடேலாவின் மகன் ஸ்டீஃபன். ஸ்டீஃபனின் கோடு இரண்டு படி மேலே, முதலாம் வில்லியத்தின் பிள்ளைகள் வரிசையில், ஒரு பெண்ணின் வட்டத்திலிருந்து புறப்படுகிறது. முடிசூடாத மட்டில்டாவுக்குப் பிள்ளைகளுக்குரிய 2.6 செ.மீ. வட்டம்தான், ஆனால் அடுத்த அரச வம்சம் முழுவதும் அவரிடமிருந்தே இறங்குகிறது. ஸ்டீஃபனுக்கு 6 செ.மீ. வட்டம் கொடுத்து, நடு அச்சிலிருந்து இடப்பக்கம் சற்று விலக்கி வைத்தேன். அச்சின் மீது மட்டில்டாவின் சிறு வட்டத்திலிருந்து இரண்டாம் ஹென்றிக்கு நேர்க்கோடு. இது நடுநிலையான ஏற்பாடு அல்ல என்பதை அறிவேன். ஸ்டீஃபனின் ஆதரவாளர் ஒருவர் இதை வரைந்திருந்தால் அவரை அச்சில் வைத்து மட்டில்டாவை ஓரம் கட்டியிருப்பார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். சுருளில் இருவருக்கும் பொதுவான இடம் என்று ஒன்று இல்லை.

பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படி இடமிருந்து வலமாக அடுக்கினால், இரண்டாம் ஹென்றியின் எட்டு வட்டங்களில் நான்காவதான ரிச்சர்டும் ஐந்தாவதான ஜெஃப்ரியும் அச்சின் இருபுறமும் வந்து நிற்கிறார்கள். ரிச்சர்ட் ஏறக்குறைய நேராக அரச வட்டத்துக்கு இறங்குகிறார். 1199இல் அவருக்குப் பின் அரசரான ஜான் எட்டாவது, வலது கோடியில் இருக்கிறார். இருவருக்கும் நடுவில், ஜெஃப்ரியின் வட்டத்துக்கு அடியில், அவர் மகன் ஆர்தரின் வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜானின் கோடு அச்சுக்கு வர வேண்டிய வழியில் நேர் குறுக்கே அது நிற்கிறது. வழக்கறிஞர் வைத்து வாதாடினாலும் ஆர்தரின் உரிமையை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ஆர்தரை ஜெஃப்ரிக்கு அருகிலேயே குட்டையான கோட்டில் நிறுத்திவிட்டு, ஜானின் கோட்டை வலது ஓரமாகவே இறக்கி, ரிச்சர்டின் அரச வட்டத்தைத் தாண்டியபின் உள்ளே வளைத்தேன். 1202இல் பிரான்சின் மிரபோவில் ஜானிடம் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டுக்குப் பின் தடயமே இல்லாமல் போன ஆர்தரின் வட்டத்திலிருந்து கீழே எந்தக் கோடும் இல்லை.

வட்டம் போடுவது, முகம் வரைவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கவராயத்தின் முள் குத்தும் இடத்தில் ஒரு சிறு அட்டைத் துண்டை மெழுகால் ஒட்டிக்கொண்டால் தாளில் துளை விழாது. அரசர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடியும் செங்கோலும் போதும். பழைய சுருள்களிலும் யார் முகமும் உண்மைச் சாயல் அல்ல. எழுத்துக்கு மூங்கில் பேனாவைச் சாய்வாக வெட்டிக்கொண்டேன். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையே 7 மி.மீ.க்குக் குறைத்தால் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதனால் ஒவ்வோர் அரசருக்கும் இருபுறமுமாகப் பத்து வரிகளுக்கு மேல் இடமில்லை. ஆண்ட காலம், செய்த பெரிய காரியம், அடக்கமான இடம் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். வரி குறையும்போது பெயரடைகள்தாம் முதலில் உதிர்கின்றன. பழைய குறிப்புகள் ஏன் அத்தனை வறட்சியாக இருக்கின்றன என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

எழுதி முடித்த சுருளை, மை முழுவதும் கறுத்து உலர்ந்தபின், எழுத்து உட்புறமாக இருக்கும்படி, 5 செ.மீ. விட்டமுள்ள மர உருளையில் அடியிலிருந்து சுற்றினேன். அப்போதுதான் விரிக்கையில் தலைப்பு முதலில் வரும். இறுக்கமாகச் சுற்றினால் ஒட்டு வாய்கள் விறைத்து விலகப் பார்க்கும். கை தளர்வாகச் சுற்றி, பருத்தி நாடாவால் கட்டி வைப்பது போதுமானது. மேலே ஒரு சாண் அளவுக்கு வெறும் தாளை விட்டிருப்பதால் வெளிச்சுற்றில் அழுக்குப் பட்டாலும் எழுத்துக்குத் தீங்கில்லை.

அடியிலும் ஒரு சாண் வெறுமையாக இருக்கிறது. எஞ்சியுள்ள பழைய சுருள்கள் சிலவற்றில் முதலாம் எட்வர்டுக்குக் கீழே, வேறொருவர் கையெழுத்தில், அடுத்துவந்த அரசர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நானும் ஆறாவது துண்டை ஒட்டி 1461 வரை கொண்டுபோகப் பார்க்கிறேன். மூன்றாம் எட்வர்டின் மக்கள் வரிசையில் கிளாரன்ஸ் பிரபு லயனல், கான்ட்டின் ஜான் இருவருக்கும் இடம் ஒதுக்குவதுதான் அங்கே முதல் வேலை. ஜானின் மகன் 1399இல் நான்காம் ஹென்றியாக முடிசூடியதால் நடு அச்சு அவர் பக்கம் சாய்கிறது. ஜானுக்கு மூத்தவரான லயனலின் கோடோ மகள் ஃபிலிப்பா, மார்ட்டிமர்கள், ஆன் மார்ட்டிமர் என்று ஓரமாகவே இறங்கி, யார்க் பிரபு ரிச்சர்ட் வழியாக நான்காம் எட்வர்டிடம் அச்சுக்குத் திரும்புகிறது. இரண்டு கோடுகளையும் ஒரே அகலத்தில் போடுவதா, லயனலின் கோட்டை அயர்ன்சைடின் கோட்டைப்போல் 4 மி.மீ. ஆக்குவதா என்பதை முடிவுசெய்யவில்லை. இப்போதைக்கு இரண்டும் பென்சிலில்தான் இருக்கின்றன.